ஒரே சாக்கில் கொட்டிய அரிசி

அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் எவ்வளவு அடக்கமாக இருந்தார்கள் என்று யாராவது என் முன்னால் பேசினால் எனக்குக் கோபம் வரும். எங்களுக்குப் பசி. பசியில் இருப்பவளுக்குச் சத்தம் போடத் தெம்பு இருக்காது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அடக்கம் மாதிரித் தெரிந்திருக்கும்.

சித்தூரில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்தது எங்கள் பேட்டை. எல்லாம் கூரை வீடுகள், ஒரே கிணறு. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அரிசி கண்ட்ரோல் கடையில் அளந்து கிடைத்தது, அதிலும் பாதி கல். என் நைனா திருப்பதி மலைக்கு மோட்டார் ரோடு போடக் கல் உடைக்கப் போயிருந்தார். மாதத்துக்கு ஒரு தரம் வருவார். வரும்போது இருமலோடு வருவார். அம்மா வேர்க்கடலை மில்லில் தொலி உடைத்தாள். பேட்டையில் எல்லா அம்மாக்களுக்கும் அங்கேதான் வேலை. விடிந்ததும் போவார்கள், விளக்கு வைத்தபிறகு வருவார்கள்.

மிஷன் பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். நாலு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரைக்கும் எங்களுக்கு வீடு கிடையாது. சுவரும் கூரையும் இருந்தன, உள்ளே ஆள் இல்லை, அடுப்பில் சாம்பலைத் தவிர ஒன்றும் இல்லை. அதனால் மில் வாசலில் போய் நிற்போம். அங்கே மேஸ்திரிகள் வறுத்த கடலையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்கள். எதற்காக நீட்டினார்கள் என்பது பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். சிலர் வாங்கினார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வாங்காதவர்கள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்தோம். ஒரு கொய்யாக்காய்க்காக நான் ஒருத்தியின் தோளைக் கடித்திருக்கிறேன். தழும்பு அப்படியே இருக்கிறது என்று அவள் கிழவியான பிறகும் சொல்லிக் காட்டினாள்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் சாயங்காலச் சமையல் வகுப்பு ஆரம்பித்தது. அது மிஷனில் இருந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவின் யோசனை. எங்களைப் பங்களாச் சமையல்காரிகளாக ஆக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வோம் என்று நினைத்தாள். சொல்லிக்கொடுக்கும் வேலையை டீச்சரம்மா தலையில் கட்டினாள். டீச்சரம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். கல்யாணம் ஆகாதவள், மூக்குக்குமேல் கோபம், சமைக்க அறவே தெரியாது. முதல் நாள் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கரும்பலகையில் எழுதினாள்: முட்டை, பால், சீனி.

"டீச்சர், முட்டை எங்க கீது?" என்றேன்.

"இருக்குன்னு நெனச்சிக்கிடணும்."

"பாலு?"

"அதையும் நெனச்சிக்கோ, ஏட்டி."

"நெனச்சிக்கினதத் துன்னலாமா டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

டீச்சரம்மா சாக்குக்கட்டியை எறிந்தாள். கேட்டவளை விட்டு என்மேல் பட்டது. பிறகு புத்தகத்தை மூடினாள். "சரி, ஒங்க வீட்டுல என்னத்தப் பொங்குவிய, அதச் சொல்லுங்க. நானும் மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். பொய் சொல்ல மாட்டாள்.

பொங்குவதற்கு அரிசி வேண்டும். அதற்குத்தான் கைப்பிடி அரிசி வந்தது.

எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு அந்தப் பழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு பையில் போட வேண்டும். அது கர்த்தருக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையைக் கோவிலுக்குக் கொண்டுவந்து, பீடத்துக்கு முன்னால் இருக்கும் கூடையில் கொட்ட வேண்டும். அரைப்பட்டினி கிடக்கும் வீட்டிலும் கைப்பிடி எடுக்காமல் உலை ஏறாது. கேழ்வரகு பொங்கினால் கேழ்வரகு, கம்பு என்றால் கம்பு.

ஆனால் எங்கள் கோவிலில் கூடை இரண்டு. மேட்டுத் தெருக்காரர்கள் கொட்ட ஒன்று, எங்கள் பேட்டைக்காரர்கள் கொட்ட ஒன்று. மேட்டுத் தெருவில் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் இருந்தார்கள். அவர்கள் கிறிஸ்தவர்களானபோது கொண்டுவந்த சாதியை இறக்கி வைக்க இடம் தேடவில்லை. கர்த்தர் ஒருவர்தான் என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வந்து இரண்டு கூடையில் கொட்டினோம். மேட்டுத் தெருக் கூடை போதகர் வீட்டுக்குப் போகும். எங்கள் கூடையை வாங்க ஆளில்லை. பல நாள் அது மிஸ்ஸியம்மா பங்களாக் கோழிகளுக்குப் போனது. அந்த அரிசியைக் கொட்டகைக்குக் கொடுங்கள் என்று டீச்சரம்மா கேட்டாள். கோழிக்குப் போகிறதுதானே என்று சபையில் ஒத்துக்கொண்டார்கள்.

எங்கள் கூடையில் இருந்ததை அப்படியே உலையில் போட முடியாது. நொய், சிவப்பரிசி, கண்ட்ரோல் அரிசி, கேழ்வரகு, கம்பு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஒன்று குழைந்துபோனாலும் இன்னொன்று வேகாமல் பல்லை உடைக்கும். நாங்களே ஒரு முறை கண்டுபிடித்தோம். மூன்று சல்லடை. கேழ்வரகு முதலில் கீழே விழும், அது களிக்கு மாவாகும். நொய் அடுத்தது. மேலே நிற்கும் முழு அரிசியை முதலில் உலையில் போட்டு, அது பாதி வெந்ததும் நொய்யைப் போட வேண்டும். அண்டாவைச் சுற்றி இருபத்திரண்டு பெண்கள். சலிக்க நாலு பேர், கல் பொறுக்க ஆறு பேர், விறகுக்கு மூன்று பேர், கடலைத் துவையல் அரைக்க இரண்டு பேர், மற்றவர்கள் தண்ணீர் சுமக்கவும் கிளறவும். வேலை செய்யாதவளுக்குச் சாப்பாடு இல்லை என்று நாங்களே சட்டம் போட்டோம். அதற்குப் பிறகு மில் வாசலில் நிற்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. வயிறு நிறைந்தவள் யாரையும் கடிக்கவும் மாட்டாள்.

எங்களில் ஒருத்திக்கு அம்மா காலராவில் போய்விட்டாள். அதிலிருந்து அவள் பேசவே இல்லை, ஏழு மாதம். விறகு தள்ளும் வேலையைக் கொடுத்திருந்தோம். ஒரு நாள் நாங்கள் எல்லோரும் வாயடித்துக்கொண்டிருந்தபோது, "அடி புடிக்குதுடி, எருமைங்களா!" என்று ஒரு கத்தல். திரும்பிப் பார்த்தால் அவள். துடுப்பைப் பிடுங்கித் தானே களியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஜெபத்தின் பலன் என்று மிஸ்ஸியம்மா சீமைக்கு எழுதினாளாம். எனக்குத் தெரிந்தது இதுதான்: களி அடிபிடித்தது, அவளுக்குப் பசி.

அந்த வருஷம் நான் எட்டாம் வகுப்பு. அரசாங்கப் பரீட்சை எழுத வேண்டும். அம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்: "அங்க ஒரு வேளை துன்ற வரைக்கும் பள்ளிக்கூடம் போ. அது நின்னுச்சின்னா மில்லுக்கு வந்துடணும். ஒன்ன ஒக்காத்தி வச்சிச் சோறு போட என்னால ஆவாது." அவள் சொன்னதில் தப்பில்லை. கணக்கு அவ்வளவுதான். கொட்டகையில் அடுப்பு எரிந்தால் எனக்குப் படிப்பு, அணைந்தால் மில்.

அந்த அடுப்பை அணைக்கப் பார்த்தது நான்தான்.

திங்கட்கிழமைகளில் கோவிலிலிருந்து எங்கள் அரிசியை எடுத்துவருவது என் வேலை. கோவில்குட்டி, அதாவது மணி அடித்துப் பெருக்குகிற ஆள், மேட்டுத் தெருக் கூடையைச் சாக்கில் கட்டிப் போதகர் வீட்டில் கொடுப்பார். ஒரு திங்கட்கிழமை அவருக்குக் குளிர் காய்ச்சல். "ரெண்டையும் நீயே எடுத்துக்கினு போயிடும்மா" என்றார். சாக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் வீடுகளில் சந்தைக்குப் போனால் ஒரே சாக்கில் கேழ்வரகைக் கொட்டி, நடுவில் கயிறு போட்டு இறுக்கி, மேல்பாதியில் அரிசியைக் கொட்டித் தலையில் தூக்கிவருவோம். இரண்டு சாக்கு வாங்க வக்கில்லாதவர்களின் வழி அது. நானும் அப்படியே செய்தேன். கீழே எங்களது, நடுவில் முடிச்சு, மேலே அவர்களது.

போதகர் வீட்டுப் பின்வாசலில் சாக்கை இறக்கி அவிழ்த்தேன். வழியிலேயே முடிச்சு நழுவியிருக்கிறது. வெள்ளை அரிசிக்குள் கேழ்வரகும் நொய்யும் கம்பும் கலந்து கிடந்தன.

போதகரம்மா முறத்தோடு வந்தாள். கையை உள்ளே விட்டாள். உடனே வெளியே எடுத்தாள்.

"என்னம்மா இது?"

"முடிச்சி அவுந்துடுச்சிம்மா. சலிச்சிக் குடுத்துடறேன். எங்களாண்ட சல்லடை கீது."

"வேண்டாம், வேண்டாம். இதை இங்க வைக்காத. எடுத்துட்டுப் போ."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்!" என்றாள். முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுவதும் நாங்கள் சாப்பிட்ட மாதிரி அதற்கு முன் சாப்பிட்டதில்லை. மேட்டுத் தெரு அரிசி பழைய அரிசி. ஒன்று மூன்றாகப் பொங்கியது. தன் தோளில் நான் தழும்பு வைத்த பாவத்தை மன்னித்துவிட்டதாக அந்தக் கொய்யாக்காய்க்காரியே சொன்னாள். "அடுத்த வாரமும் முடிச்ச கொஞ்சம் லூசா கட்டுடி" என்று வேறு சொல்லிக்கொடுத்தாள்.

முதல் வாரம் நடந்தது தவறு. அதைச் சத்தியம் செய்து சொல்வேன். அடுத்த வாரம் கோவில்குட்டிக்கு இன்னும் காய்ச்சல். நான் நடுவில் முடிச்சே போடவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போடவில்லை. போதகரம்மா சாக்கைப் பார்த்ததும் கையால் போ போ என்று காட்டினாள். எங்கள் அரிசி பட்டதால் தங்கள் அரிசி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறவர்களுக்கு அந்த அரிசி எதற்கு?

மூன்றாவது வாரம் சபை மூப்பர் கொட்டகைக்கு வந்தார். அவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா, சபையில் அவர் சொன்னதே சட்டம். உள்ளே கால் வைக்கவில்லை. வாசலில் நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். உள்ளே கடலை வறுபட்டுக்கொண்டிருந்தது. நல்ல வாசனைதான்.

"யார் கலந்தது?"

"நான்தாங்க."

"திருடி. கர்த்தருக்கு வைத்த அரிசியைத் திருடியிருக்கிறாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் மண்டியிட்டு, திருடினேன், மன்னியுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் இந்தச் சமையல் நடக்கும். இல்லாவிட்டால் அன்றைக்கே பூட்டு." டீச்சரம்மா பக்கம் திரும்பி, "உங்களுக்கும் இதில் பங்கு உண்டா என்று விசாரிப்போம்" என்றார்.

அவர் போனதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மண்டி போட்டுட்டு வந்துடேன்டி. முட்டி தேஞ்சிடுமா?"

"சர்ச்சில மத்தவங்க எல்லாம் வாரா வாரம் மண்டிதான் போடறாங்க."

"அது ஜெபத்துக்குடி."

"நீயும் ஜெபம்னு நெனச்சிக்கோ. நாங்க முட்டையும் பாலும் நெனச்சிக்கலையா?"

நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். "என்னையப் பாக்காத. போடுன்னும் சொல்ல மாட்டேன், போடாதன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு வேல போயிரும்" என்றாள். மிஸ்ஸியம்மாவிடம் போனேன். சபைக் காரியத்தில் தான் தலையிடுவதில்லை என்று சொல்லி, என் தலையைத் தடவி அனுப்பினாள். வீட்டில் அம்மா அதையும் இதையும் பேசவில்லை. "பரீட்சைக்கு ரெண்டு மாசம் கீது. மண்டி போடு. இல்ல மில்லுக்கு வா" என்றாள்.

நான் வீரமாக எதையும் முடிவு செய்துகொண்டு கோவிலுக்குப் போகவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஆராதனை முடிந்ததும் மூப்பர் என்னைக் கூப்பிட்டார். போனேன். மண்டியிட்டேன். முழங்காலுக்குக் கீழே தரை குளிர்ச்சியாக இருந்தது. "கலந்தேன்" என்றேன்.

"திருடினேன் என்று சொல்."

"கலந்தேன்."

"உனக்குக் காது கேட்கவில்லையா? திருடினேன்!"

திருடினேன் என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு வந்தது. "எங்க கேவுரு பட்டுக் கெட்டுப்போச்சின்னு போதகரம்மாதான் எடுத்துக்கினு போகச் சொன்னாங்க. கெட்டுப்போனத எடுத்துக்கினு போறது எப்படிங்க திருட்டு? திருடறவ நல்லதத்தான திருடுவா?"

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மூப்பர் பொறுத்துக்கொள்ளவில்லை. "வெளியே போ!" என்று கத்தினார். எழுந்து போனேன். வாசலில் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது.

அன்று மத்தியானமே கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. சல்லடை, அம்மி, முறம் எல்லாம் உள்ளே. அண்டா மட்டும் வெளியே மாட்டிக்கொண்டது. ஏழு மாதம் பேசாமல் இருந்தவள் அதை அப்போது கிணற்றடியில் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பூட்டியதைக் கேள்விப்பட்டதும் பேட்டைக்கு உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை நான் மில்லுக்குப் போனேன்.

கடலைத் தொலியை உடைத்தால் முதல் நாளே கட்டைவிரல் நகத்துக்குக் கீழே பிளந்துவிடும். இரண்டாம் நாள் அந்தப் பிளவில் தூசி போய் உட்காரும். உடைக்கும்போது ஒரு பருப்பு வாயில் போட்டால் கூலியில் பிடிப்பார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னோடு பேசவில்லை. கொட்டகைப் பெண்களும் பேசவில்லை. தெருவில் என்னைப் பார்த்து ஒருத்தி காறித் துப்பினாள். "ஒன் ரோசத்தத் துன்னுடி, வயிறு ரொம்பும்" என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனாலும் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க மாட்டேன். இந்த இரண்டும் எப்படி ஒரே மனசில் இருந்தன என்று என்னைக் கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி வந்தான். தெலுங்குக்காரன். அம்மா அங்கேயே இருக்கிறாள். இருந்தும் என் முன்னால் குனிந்து, வறுத்த கடலையை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "தீஸ்கோ அம்மாயி" என்றான், எடுத்துக்கொள் என்று.

அம்மா எழுந்தாள். அவன் கையிலிருந்து கடலை முழுவதையும் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவன் கண்ணைப் பார்த்தபடியே மென்றாள். மென்று முடிக்க வெகுநேரம் ஆனது. மில்லில் கை ஓசை நின்றுபோனது.

"இங்க்கா உந்தா? இன்னும் கீதா?" என்றாள்.

அவன் தெலுங்கில் ஏதோ முனகிக்கொண்டு போய்விட்டான். அம்மா உட்கார்ந்து மறுபடி உடைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "நாளையிலேந்து நீ இங்க வராத" என்றாள்.

சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வரும் வழியில் அம்மா மற்றப் பெண்களை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தது. முதலில் மேட்டுத் தெருப் பெண்கள் போய்த் தங்கள் கூடையில் கொட்டினார்கள். பிறகு எங்கள் பெண்கள் எழுந்தார்கள். வழக்கம்போல வரிசையாக, ஆளுக்கொரு பையோடு. அம்மாதான் முதலில். கூடைக்கு முன்னால் நின்று பையை வெளிப்புறமாகத் திருப்பினாள். உதறினாள். கொஞ்சம் தூசி விழுந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுத்தவள் திருப்பினாள், உதறினாள். அதற்கு அடுத்தவளும். போதகர் பாட்டை நிறுத்துவதா நீட்டுவதா என்று தெரியாமல் கடைசி சரணத்தை மூன்று தடவை பாடவைத்தார். கடைசிப் பை உதறப்பட்டபோது கூடை சுத்தமாக இருந்தது.

கைப்பிடியை அவர்கள் எடுக்காமல் விடவில்லை. அது எல்லார் வீட்டிலும் இருந்தது. திங்கட்கிழமை நாலு மணிக்கு, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே மூன்று கல்லை வைத்து அண்டாவை ஏற்றினோம். வீடு வீடாகப் போய்க் கைப்பிடிப் பையை எடுத்துவந்தோம். சல்லடை இல்லாததால் பழைய புடவைத் துணியில் போட்டுப் புடைத்தோம். துப்பியவளும் வந்தாள். என்னோடு பேசவில்லை, ஆனால் நான் ஊத வேண்டிய அடுப்பை என்னைத் தள்ளிவிட்டு அவளே ஊதினாள். டீச்சரம்மா ஒரு கட்டு நோட்டோடு வந்து சுவர்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் சமையலுக்கு வரல. நோட்டுத் திருத்த வந்தேன். இங்கதான் காத்து வருது" என்று சத்தமாகச் சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. ரிஜிஸ்டரில் நான் மில்லுக்குப் போன வாரம் முழுவதும் வகுப்புக்கு வந்ததாகவே அவள் போட்டிருந்தாள். அதையும் நான் கேட்காமல் அவளே சொன்னாள்.

சோறு இறக்கும் நேரத்தில் மூப்பர் வந்தார். காய்ச்சல் தெளிந்த கோவில்குட்டியையும் கூட்டிவந்திருந்தார்.

"இந்த அண்டா சபைச் சொத்து. கொடுங்கள்."

"எடுத்துக்கோங்க" என்றேன்.

அவர் கோவில்குட்டியைப் பார்த்தார். கோவில்குட்டி அண்டாவைப் பார்த்தார். அது கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே எங்கள் சோறு இருந்தது.

"ஐயா, சூடா கீதுங்க" என்றார் அவர். அவரும் எங்கள் பேட்டைக்காரர்.

"கொட்டிவிட்டு எடு."

"சாப்பாட்டத் தரையில கொட்டறது பாவங்க. நீங்கதான் போன மாசம் பிரசங்கத்துல சொன்னீங்க."

சுவர்மேலிருந்து டீச்சரம்மாவின் இருமல் கேட்டது. அது இருமல் இல்லை.

"அப்படியானால் தின்றுவிட்டுக் கொடுங்கள். நான் நிற்கிறேன்" என்றார் மூப்பர்.

நின்றார். நாங்கள் ஆலம் இலைகளைத் தைத்து வைத்திருந்தோம். வரிசையாக உட்கார்ந்தோம். ஜெபம் பண்ணினோம், கொஞ்சம் நீளமான ஜெபம். பிறகு சாப்பிட்டோம். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் சாப்பிட்டதில்லை. ஒவ்வொரு பருக்கையாக எடுத்தோம். துவையல் காரம் என்று நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். இரண்டாம் தரம் போட்டுக்கொண்டோம். மூப்பர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து நின்றார். நிழலுக்குப் போகலாம் என்றால் எங்கள் பக்கம்தான் நிழல் இருந்தது.

கடைசியில் அண்டாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அடியில் தீய்ந்த சோறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கழுவிக் கொடு."

"உங்க அண்டாங்க. நீங்களே கழுவிக்கோங்க."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் திருப்பி அடித்திருப்பேனோ என்னவோ. அம்மாக்கள் மில்லில் இருந்தார்கள், இருபத்திரண்டு பேர்தான் நாங்கள் அங்கே. ஆனால் இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்றோம். அவர் கோவில்குட்டியின் தலையில் அண்டாவை ஏற்றிக்கொண்டு போனார். கஞ்சி வழிந்து அந்த மனிதரின் காதில் இறங்கியது. அதற்காக மட்டும் எனக்கு வருத்தம். மறுநாள் அவரே தன் வீட்டுப் பானை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதோடு இன்னும் மூன்று மண்பானை சேர்ந்தது. ஒன்றில் முழு அரிசி, ஒன்றில் நொய், ஒன்றில் களி, ஒன்றில் குழம்பு. தனித்தனியாக வெந்ததால் சோறு முன்னைவிட நன்றாகவே இருந்தது.

நான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு வாரப் பாடம் விட்டுப்போயிருந்தது. சமைத்தபடியே படித்தேன். கல் பொறுக்குகிறவர்கள் பூகோளம் கேட்பார்கள், துவையல் அரைக்கிறவள் வாய்ப்பாடு கேட்பாள், தப்பாகச் சொன்னால் துடுப்பால் அடி. பரீட்சை எழுதினேன். கணக்கில் நாலு கேள்வியை விட்டுவிட்டேன். தேறினேன்.

அந்தக் கோடையில் டீச்சரம்மாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். வழியனுப்ப யாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாங்கள் போனோம். "சனியன்களா" என்று திட்டிக்கொண்டே ரயில் ஏறினாள்.

கோவிலில் எங்கள் கூடை அதுவரை காலியாகவே இருந்தது. ஆராதனைக்கு எல்லோரும் போனோம், பாடினோம், ஜெபித்தோம். கைப்பிடி மட்டும் போகவில்லை. எங்கள் பேட்டைதான் சபையில் பெரும்பகுதி என்பது அப்போதுதான் மேட்டுத் தெருவுக்கு உறைத்தது. ஒரு நாள் போதகரும் இன்னும் இரண்டு பேரும் எங்கள் பேட்டைக்கு வந்தார்கள். மூப்பர் வரவில்லை. அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, இனிமேல் கோவிலில் ஒரே கூடைதான் வைப்போம் என்றார் போதகர். கொட்டகைப் பூட்டையும் திறந்துவிடுவதாகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு நாக்குத் தடுமாறியது. கஷ்டப்பட்டுத்தான் சொன்னார், அதை ஒப்புக்கொள்கிறேன்.

பெண்கள் எல்லோரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அப்போதுதான் மில்லிலிருந்து வந்திருந்தாள். தலைமுடியில் கடலைத் தொலி இருந்தது.

"கொட்டகையத் தொறங்க, மழைக்கு வேணும். ஒரு கூடை வையுங்க, நல்லதுதான். கைப்பிடி மொதல்ல இங்க வரும். பொண்ணுங்க துன்னது போவ மீந்தா, கோயிலுக்குக் கொண்டாரோம்" என்றாள்.

மிஞ்சவே இல்லை. இருபத்திரண்டு பேர் அந்த மழைக்காலத்துக்குள் முப்பது பேராகிவிட்டார்கள்.